வேர்த்துக் கொட்டிய நட்டு

கார் ஏ.சி. மெக்கானிக்கைப் போலப் பாவப்பட்ட பிறவி ஊரில் கிடையாது. குளிர்ந்தால் வண்டி உசத்தி, சொட்டினால் மெக்கானிக் மட்டம்.

பழைய கார் வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆசை ஆசையாக ஏ.சி.யைச் சரிசெய்து, குடும்பத்தோடு நாகூருக்கோ வேளாங்கண்ணிக்கோ கிளம்பியிருப்பீர்கள். பாதி வழியில், முன்சீட்டில் உட்கார்ந்திருக்கும் மாமனாரின் பாதத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்திருக்கும். அவர் உங்களைப் பார்த்த பார்வை உங்களுக்கு மறந்திருக்காது. நீங்கள் திரும்பி வந்து என்னைத் திட்டியது எனக்கும் மறக்கவில்லை. காவிரித் தண்ணீர் வரவேண்டும் என்று ஜில்லாவே தெருவில் நின்ற காலத்தில், தண்ணீர் வராமல் பார்த்துக்கொள்வது என் பிழைப்பாக இருந்தது.

குழாய்க்குச் சட்டை

ரியாத்தில் பதினோரு வருடம் இருந்தேன். பெரிய பெரிய கட்டடங்களின் ஏ.சி. குழாய்களுக்கு உறை சுற்றுவதுதான் அங்கே வேலை. ஊர் திரும்பியதும் திருவாரூருக்கு வெளியே, மன்னார்குடி சாலையில் ஒரு தகரக் கொட்டகை பிடித்தேன். பாதிக் கொட்டகையில் கோவிந்தனின் டிங்கரிங் பட்டறை, மீதிப் பாதியில் என் ஏ.சி. கடை. துருப்பிடித்த பழைய காரை அவர் தட்டி நிமிர்த்தி வர்ணம் பூசுவார், நான் அதைக் குளிர வைப்பேன். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே போர்டு.

குளிர்ந்த குழாய் ஈரக்காற்றில் வேர்க்கும். ஐஸ் போட்ட சர்பத் டம்ளர் வெளிப்பக்கம் நனைகிறதே, அதே கதைதான். அதனால் குழாய்க்குக் கறுப்பு ஃபோம் உறை மாட்ட வேண்டும். குழாயும் குழாயும் சேருகிற நட்டுகளில் தார் மாதிரி ஒட்டும் கார்க் டேப்பைச் சுற்றி, காற்று நுழைய இடமில்லாமல் விரலால் அழுத்த வேண்டும். அரை நாள் வேலை. முடித்தபிறகு அத்தனையும் டேஷ்போர்டுக்குப் பின்னால் போய்விடும், செய்ததற்கு அடையாளமே இருக்காது. என் முதல் வாடிக்கையாளர் ஒரு ரைஸ்மில் முதலாளி. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அந்த அரை நாளும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வேட்டியை உதறிக்கொண்டே கேட்டார்: "குழாய்க்குச் சட்டை தைக்கிறதுக்கா பாய் சவூதி வரைக்கும் போனீங்க?"

பொன்னாடை

மேட்டூர் திறக்காத ஒரு வருடம், அப்போது எதிர்க்கட்சியாக இருந்த கழகத்தின் ஒன்றியச் செயலாளர் ஒருவருடைய அம்பாசடர் வந்தது. டேஷ்போர்டைக் கழற்றினால் நட்டைச் சுற்றி ஜரிகையும் பளபளப்புமாக மூன்று பொன்னாடைகள். கூட்டத்துக்குக் கூட்டம் விழுந்த பொன்னாடைகளை வைக்க வீட்டில் இடமில்லாமல், டிரைவர் சொட்டுகிற இடத்தில் சுற்றிவிட்டிருந்தார். துணி தண்ணீரைக் குடிக்கும், தடுக்காது. அது மாதக்கணக்கில் குடித்துவிட்டு, ஊறப்போட்டு மறந்த நெல்லைப் போல நாறிக்கொண்டிருந்தது.

மூன்றையும் பிரித்து வெளியே போட்டேன். கோவிந்தன் மூக்கைப் பொத்திக்கொண்டு அவற்றைக் கம்பியால் தூக்கிக் குப்பைக்குக் கொண்டுபோனார். செயலாளருக்கு அதில் வருத்தமில்லை. அவருடைய வருத்தம் வேறு. குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வாய்க்கால்ல ஒரு சொட்டு இல்லன்னு மறியல் பண்ணப் போறேன் பாய். வண்டிய விட்டு எறங்கினா வேட்டி முழங்கால் வரைக்கும் நனைஞ்சிருக்கு. ஜனம் என்னங்க நினைக்கும்?"

வக்கீல் வண்டி

செயலாளர் சொல்லி அனுப்பி வந்தவர் வக்கீல் தங்கராசு. முத்துப்பேட்டைப் பக்கத்துக் கிராமம். அவருடைய அப்பா ஒரு பெரிய பண்ணையில் ஏர் ஓட்டியவர். அந்தப் பண்ணையின் அம்பாசடரைத்தான் தங்கராசு வாங்கி ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். பெரியவர் என்று எல்லாரும் சொல்லும் பண்ணைக்காரர் காலமாகிவிட்டார். மகன் சுந்தரம் வண்டியை விற்றுவிட்டார். பெரியவர் காலத்தில் மெட்ராஸில் பொருத்திய ஏ.சி. அதில் இருந்தது, ஆனால் ஓடி வெகுகாலம் ஆகியிருந்தது.

சுந்தரம் வண்டியோடு நிற்கவில்லை. பண்ணையின் கடலோர நிலத்தை ஓர் இறால் பண்ணைக்காரருக்கு விற்றிருந்தார். தங்கராசு பிறந்த தெரு, அவருடைய அம்மா இன்னும் குடியிருக்கும் வீடு உட்பட இருபத்திரண்டு வீடுகள், அந்த நிலத்தில்தான் நின்றன. தெரு குடியிருப்பவர்களுக்கே சொந்தம் என்று பெரியவர் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். தெருவுக்கு இருந்த ஒரே ஆதாரம் அதுதான். அதை வைத்துத் தங்கராசு சுந்தரத்தின்மேல் வழக்கு நடத்திக்கொண்டிருந்தார். கிராமத்துக்கும் கோர்ட்டுக்குமாக அலைச்சல். ஜன்னலைத் திறந்தால் வழக்குக் கட்டிலிருக்கும் காகிதம் பறக்கிறது, மூடினால் புழுங்கித் தள்ளுகிறது. ஏ.சி. எதற்கு என்று நான் கேட்காமலே சொன்னார்: "என் வேர்வை இந்தக் கட்டு மேல விழக்கூடாது பாய். அதுக்குத்தான்."

துருவில் ஒரு வட்டம்

அந்த டேஷ்போர்டைத் திறந்தபோது எலி குடித்தனம் நடத்தி முடித்திருந்தது. பழைய கம்பளி உறையைக் கொறித்து மெத்தை போட்டு, நெல் உமியை ஒரு மூலையில் குவித்து வைத்திருந்தது. யார் சுற்றினார்கள், எது வரைக்கும் சுற்றினார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு முழம்கூட மிச்சம் வைக்கவில்லை. கூலிங் காயிலில் ஓட்டை. குழாய்கள் மட்டும் நல்ல செம்பு. காயிலை மாற்றினேன், குழாய்களைத் தேய்த்தேன், புது நட்டுப் போட்டேன்.

அம்பாசடரில் டேஷ்போர்டுக்குக் கீழே, முன்சீட்டுக்காரரின் முழங்காலுக்கு நேராக, சாமான் வைக்க ஒரு தகரத் தட்டு இருக்கும். இந்த வண்டித் தட்டின் நடுவில் காம்பஸ் வைத்துப் போட்டது போல ஒரு துரு வட்டம். உள்ளங்கை அகலம் இருக்கும். நானும் பார்த்தேன், கோவிந்தனும் பார்த்தார். ஒரு நிமிடம் யோசித்திருந்தால் நான் இதை எழுதவேண்டி வந்திருக்காது. கோவிந்தன் அதன்மேல் உப்புத்தாளைத் தேய்த்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்: "எவனோ பூச்சாடி வச்சுக்கிட்டு ஓட்டியிருக்கான் பாய்."

ஒத்தை நட்டு

உறை மாட்டினேன். நட்டுகளில் டேப் சுற்றினேன். காயிலிலிருந்து குளிர்ந்த கேஸ் திரும்பிப் போகும் குழாயின் கடைசி நட்டில் மட்டும் சுற்றவில்லை. கேஸ் கசிந்தால் பெரும்பாலும் அந்த நட்டில்தான் கசியும். அப்போது ஸ்பேனர் போட வேண்டும். தார் டேப்பைச் சுற்றி வைத்தால் சுரண்டி எடுக்கவே ஒரு மணி நேரம் போய்விடும். ரியாத்தில் எங்கள் ஃபோர்மேன் அதைச் சுற்றாமல் விடச் சொல்லுவார், பதினோரு வருடம் விட்டிருக்கிறேன், ஒரு சொட்டு விழுந்ததில்லை. ரியாத் காற்றில் ஈரம் என்ற பேச்சே கிடையாது என்பது என் புத்திக்கு எட்டவில்லை. கடலுக்குப் பக்கத்தில், வயலெல்லாம் தண்ணீர் நிற்கும் ஊரில் பிறந்தவன் நான்.

அது ஆனி மாதம். மேல்காற்று அடித்துத் துணி கால் மணியில் மொறுமொறுவென்று காய்ந்துகொண்டிருந்தது. தட்டில் ஒரு செய்தித்தாளை விரித்து, ஏ.சி.யை முழுசாக வைத்து, நீடாமங்கலம் வரைக்கும் ஓட்டிப்போய்த் திரும்பினேன். தாள் காய்ந்த அப்பளமாக இருந்தது. பெருமையாகக் கோவிந்தனிடம் நீட்டினேன். அவர் தாளைப் பார்க்கவில்லை, குனிந்து உள்ளே பார்த்தார்: "ஒத்தை நட்டு மட்டும் அம்மணமா நிக்குதே பாய், பரவாயில்லையா?"

எட்டு ரேகை

ஐப்பசியில் அடைமழை. கோர்ட்டில் அசல் காகிதத்தைக் கேட்டிருந்தார்கள். ஜெராக்ஸ் ஏற்கெனவே கொடுத்தாயிற்று, ஆனால் அது வெட்டி ஒட்டியது என்று எதிர்த்தரப்பு சொல்லிவிட்டது. தங்கராசு காலையில் அம்மாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து அசலை எடுத்து, கட்டின் மேலே வைத்து, கட்டைத் தட்டில் வைத்துவிட்டுக் கிளம்பியிருக்கிறார். வெளியே மழை, ஜன்னலெல்லாம் மூடியிருக்கிறது, ஏ.சி. ஓடுகிறது. என் நட்டு வேர்த்திருக்கிறது. வேர்வை ஃபோம் உறையின் உள்பக்கமாகவே ஊர்ந்துபோய், உறை முடிகிற இடத்தில், தட்டுக்கு நேர் மேலே சொட்டியிருக்கிறது. ஒன்றரை மணி நேரம்.

கோர்ட்டுக்குப் போகாமல் நேராக என் கொட்டகைக்கு வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். காகிதத்தை ஒரு துண்டின்மேல் விரித்தார். டைப் அடித்த எழுத்து நன்றாகவே இருந்தது. அதன்கீழே தெருக்காரர்கள் எட்டுப் பேர் பெருவிரல் ரேகை வைத்திருந்தார்கள். ரிஜிஸ்டர் ஆபீஸில் வைப்பார்களே, அந்த எண்ணெய் பிசுக்குள்ள கறுப்பு மை. ஒரு கோடு கலையவில்லை. வலது மூலையில் பெரியவர் பேனா இங்க்கில் போட்ட கையெழுத்து இருந்த இடத்தில் ஒரு நீலத் திட்டு. ஒவ்வொரு ரேகையாகத் தொட்டுக் காட்டிவிட்டு அவர் சொன்னார்: "மூணாவது எங்க அம்மாவுது. எங்க ஆளுங்க ரேகை எட்டும் அப்படியே இருக்கு பாய். பெரியவர் கையெழுத்துதான் கரைஞ்சிடுச்சு."

என் முறை

எதிர்த்தரப்பு இதற்காகவே காத்திருந்தது போல எழுதிக் கொடுத்தது: கையெழுத்து போலி, மாட்டிக்கொள்வோம் என்று பயந்து தெருக்காரர்களே தண்ணீர் ஊற்றிக் கரைத்துவிட்டார்கள். அதை நீதிபதி நம்பிவிட்டால் ஜெராக்ஸும் செல்லாது, தெருவும் போய்விடும். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவன்தான் இருந்தான். சாட்சி சொல்ல வாங்க என்று தங்கராசு என்னைக் கூப்பிடவில்லை. தினமும் கொட்டகை வழியாகப் போனார், வண்டியை நிறுத்தவில்லை. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் நானே அவர் வீட்டுக்குப் போய், சாட்சி சொல்ல வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கோவிந்தன் பெயிண்ட் டப்பாவைக் கலக்கிக்கொண்டே கேட்டார். அவருக்கும் அதே கொட்டகை, அதே போர்டு, அவர் பயம் நியாயமானது: "உங்க வேலைதான் தப்புன்னு நீங்களே கோர்ட்டுல போய்ச் சொன்னீங்கன்னா, நாளைக்கு எவன் பாய் நம்ம கொட்டகைக்கு வண்டி கொண்டு வருவான்?"

கூண்டில்

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். நீதிபதி ஒரு அம்மா, கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். குளிர்ந்த குழாய் ஏன் வேர்க்கிறது என்று சொன்னேன். சர்பத் டம்ளரைச் சொன்னேன். ஆனி மாத மேல்காற்றையும் ஐப்பசி மழையையும் சொன்னேன். மூடவேண்டிய நட்டை மூடாமல் விட்டது நான்தான் என்று சொன்னேன். பின்பெஞ்சில் எனக்குத் தெரிந்த வண்டி முதலாளிகள் நான்கைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ரைஸ்மில்காரரும் இருந்தார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்துக்கொண்டே எழுந்தார். "அப்ப, வேலை தெரியாத ஆள்னு நீங்களே ஒத்துக்கிறீங்க?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "வேலை தெரியுமுங்க. அந்த ஒரு நட்டுதான் தப்பு" என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதி அம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைக் கேட்டார்: "அந்த நட்டு இப்ப எங்க இருக்கு?"

முன்சீட்டு

நட்டு கோர்ட் வாசலில், வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. தூறல். நீதிபதி அம்மாவுக்குத் தபேதார் குடை பிடித்தார். தங்கராசு எஞ்சினை ஓடவிட்டார், நான் ஏ.சி.யைத் திருகினேன். தட்டில் ஒரு வெள்ளைத்தாள். ஏதாவது தில்லுமுல்லு நடக்கலாம் என்று எதிர்த்தரப்பு வக்கீல் சந்தேகப்பட்டார். எங்கள் கட்சிக்காரரே முன்சீட்டில் உட்கார்ந்து பார்க்கட்டும் என்றார். அப்படித்தான் பண்ணைவீட்டுச் சுந்தரம் தான் விற்ற வண்டியில் மறுபடி ஏறினார். ஐம்பது வயது இருக்கும். பெரியவர் எப்போதும் உட்கார்ந்து போகும் சீட்டாம் அது. கதவைச் சாத்தியபிறகு அவர் தட்டைக் கையால் ஒருமுறை தடவிப் பார்த்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. பத்து நிமிடம். என் வாழ்க்கையில் முதல்முறையாக, சொட்டு, சொட்டு என்று மனசுக்குள் துஆ கேட்டுக்கொண்டிருந்தேன். பதினைந்தாவது நிமிடம் உறையின் நுனியில் ஒரு முத்துத் திரண்டு, தாளின் நடுவில் டப்பென்று விழுந்தது. அடுத்தது அதன்மேலேயே விழுந்தது. சுந்தரம் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். வழக்கு, வக்கீல் எல்லாம் அவருக்கு மறந்துபோயிருக்க வேண்டும். முகம் அப்படி இருந்தது. யாரும் கேட்காமலே சொன்னார்: "இங்கதான். அப்பா காலத்துலயும் இதே இடத்துலதான் சொட்டும். ஒரு பித்தளைக் கிண்ணம் வச்சிருப்பாரு."

சாட்சி

துரு வட்டம் என்னவென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. மெட்ராஸில் எனக்கு முன்னால் எவனோ ஒருவன் அதே நட்டை அதே காரணத்துக்காக விட்டிருக்கிறான். அதில் எனக்கு ஒரு அற்பச் சந்தோஷம். சுந்தரம் சொன்னதை நீதிபதி அம்மா எழுத்தில் வாங்கிக்கொண்டார். மறு வாய்தாவில் சுந்தரமே ஜெராக்ஸைப் பார்த்து, அப்பா கையெழுத்துதான் என்று சொல்லிவிட்டார். அவருடைய வக்கீல் அன்றைக்கு அவரோடு பேசவில்லை என்று கேள்வி.

அன்றைக்கே டேப்பை எடுத்துக்கொண்டு நட்டைச் சுற்றப் போனேன். தங்கராசு தடுத்தார். அதனால் தீர்ப்பு வரும்வரை அந்த வண்டி தட்டில் ஒரு எவர்சில்வர் டபராவோடு ஓடியது. கோவிந்தன் பயந்தபடி கொட்டகைக்கு வண்டி குறையவில்லை. வந்தவர்கள் எல்லாரும் குனிந்து, விரலை நீட்டி, ஒவ்வொரு நட்டாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்கள். ரைஸ்மில்காரர் டார்ச் கொண்டு வந்தார். அந்த அவமானத்தை நான் எட்டு மாதம் பொறுத்துக்கொண்டேன், ஏனென்றால் தங்கராசு சொன்ன காரணம் அப்படி: "அந்த நட்டு மேல கை வைக்காதீங்க பாய். தீர்ப்பு வர்ற வரைக்கும் அது நம்ம சாட்சி."

மூன்றாவது ரேகை

தெரு தெருக்காரர்களுக்கே என்று தீர்ப்பு வந்தது. மறுநாள் காலை வண்டி கொட்டகைக்கு வந்தது. முன்சீட்டிலிருந்து தங்கராசுவின் அம்மா இறங்கினார். மெலிந்த உடம்பு, நடவு நட்டு நட்டுக் காய்த்த கை. ஏ.சி. வண்டியில் வந்ததில் குளிர் தாங்காமல் தலையில் துண்டு கட்டியிருந்தார். இருபத்திரண்டு வீட்டை ஆட்டி வைத்த நட்டைப் பார்க்கவேண்டும் என்று அடம்பிடித்து வந்திருக்கிறார். காட்டினேன். "இவ்வளவுதானா?" என்று ஏமாந்துபோனார்.

நட்டைத் துடைத்துக் காயவைத்து, கார்க் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றினேன். வெயிலில் டேப் இளகியிருந்தது. ஓரத்தை அழுத்துவதற்குள், நான் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மா கையை உள்ளே விட்டு, பெருவிரலால் தானே அழுத்திவிட்டார். எடுத்தபோது தாரில் ரேகை பதிந்திருந்தது, கோடு கோடாக, அன்றைக்குத் துண்டின்மேல் நான் பார்த்த அதே மூன்றாவது ரேகை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஸ்பேனரைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன். விரலில் ஒட்டிய தாரைச் சேலையில் துடைத்துக்கொண்டே அவர் கேட்டார்: "இங்கயும் ஒண்ணு வச்சிட்டேன் தம்பி. இது கரையாதுல்ல?"

இத்தனை வருடத்தில் நான் ஒழுங்காகச் சுற்றிய நட்டுகளை ஒருவர்கூடப் பார்த்ததில்லை. சுற்றாமல் விட்ட ஒன்றுதான் என் பெயரோடும் என் அப்பா பெயரோடும் கோர்ட்டுக் கட்டில் பத்திரமாக இருக்கிறது.